ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கலாமா?

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, கெட்டுப் போகும் பொருள்களைப் பற்றியதாகவே இருக்கும். இம்முறை முட்டையைப் பற்றி மட்டும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. தனித்தனி இதழ்களில் பதில் சொன்னால் ஒரே செய்தியைப் பலமுறை எழுத வேண்டியிருக்கும் என்பதால், அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே சேர்த்துத் தந்திருக்கிறேன். பிற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஃபிரிட்ஜின் கதவில் முட்டை வைப்பதற்கென்றே குழி குழியாக ஒரு தட்டு இருக்கிறது. அதில் வைக்கக் கூடாது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். செய்து விற்பவர்களுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது?
(ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்: இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் மகள் பக்கம்தான். கதவில் இருக்கும் குழித்தட்டு, முட்டை உருளாமலும் கைக்கு எட்டும் இடத்திலும் இருப்பதற்கு வசதியானது. ஆனால் பெட்டிக்குள் வெப்பம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடமும் அதுவே. உங்கள் வீட்டின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டுக்காக ஒரு முறை, ஆறரைக்குத் தோசை மாவுக்காக ஒரு முறை, தேங்காய் மூடிக்காக ஒரு முறை, கறிவேப்பிலையை மறந்துவிட்டதால் இன்னொரு முறை, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்காக இரண்டு முறை என எட்டு மணிக்குள் ஆறு தடவையாவது கதவு திறக்கிறது. ஒவ்வொரு தடவையும் கதவோடு சேர்ந்து முட்டையும் சமையலறை வெக்கைக்குள் வந்துவிட்டுத் திரும்புகிறது. போதாக்குறைக்கு, கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் அதிர்ச்சி வேறு. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த ஓட்டுக்கு அந்த அதிர்ச்சியே போதும்.

முட்டைக்குத் தேவை ஒரே சீரான குளிர். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது. ஆகவே நடுத்தட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். கதவிலுள்ள குழித்தட்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதையே எடுத்து உள்தட்டில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மூடியுள்ள ஒரு பெட்டி போதும். ஒற்றைக் கதவுப் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும், பனிக்கட்டி அறைக்கு நேர் கீழே உள்ள தட்டில் முட்டையை வைக்காமல் இருக்க வேண்டும். அங்கே குளிர் சுழியத்தைத் தொட்டுவிட்டால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து ஓடு வெடித்துவிடும். உங்கள் பெட்டியில் உண்மையில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்பதை உள்ளே உள்ள திருகு எண் சொல்லாது. சிறிய வெப்பமானி ஒன்றை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க நடுத்தட்டில் வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் முதல் வேலையாகப் பாருங்கள். 8, 9 என்று காட்டினால் திருகைக் கூட்ட வேண்டும், அல்லது பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பதைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: நாமக்கல்லிலிருந்து முட்டை லாரியில்தான் வருகிறது. மளிகைக் கடையில் அட்டை அட்டையாக வெளியில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் கெடாத முட்டை என் வீட்டுக்கு வந்தவுடன் கெட்டுவிடுமா? லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே பெரிய கடைகளிலேயே முட்டையைக் குளிரில் வைப்பதில்லை என்கிறான்.
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நியாயமான கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முட்டை தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி அமைந்த பொருள். ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. கோழி முட்டையிடும்போது அத்துளைகளை அடைத்தாற்போல மெல்லிய ஒரு பூச்சு ஓட்டின் மேல் படிந்து உலர்ந்துவிடுகிறது. ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளைத் தோல் அதுதான். இவற்றையும் தாண்டி ஒரு கிருமி உள்ளே போனால், வெள்ளைக்கரு அதற்கு உகந்த இடமாக இருப்பதில்லை. கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கும் லைசோசைம் என்ற நொதி அதில் இருக்கிறது. கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் இருக்கிறது. முட்டையிட்ட சில நாள்களில் அதன் காரத்தன்மையும் கூடிவிடுகிறது. அதனால்தான் கழுவாத, கீறல் விழாத முட்டை சில நாள்கள் வெளியில் இருந்தும் கெடாமல் தாங்குகிறது. கடைக்காரரின் துணிச்சலுக்கு அடிப்படை இதுவே.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு உறுதியாக இருக்கும் வரைதான். மஞ்சள்கரு, கிருமிக்குக் கிடைக்கும் விருந்துச் சாப்பாடு. வெப்பம் கூடக் கூட அந்தச் சவ்வு தளர்ந்து, மஞ்சள்கருவில் உள்ள சத்து வெள்ளைக்கருவில் கசியத் தொடங்குகிறது. இதன் அடையாளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். புது முட்டையைக் கல்லில் உடைத்து ஊற்றினால் மஞ்சள்கரு குன்று போல் எழும்பி நிற்கும், வெள்ளைக்கரு அதைச் சுற்றிக் கெட்டியாக அணைத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் பத்து நாள் வெளியில் கிடந்ததை ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராய்ப் பரவும், மஞ்சள்கரு தட்டையாகி, தோசைத் திருப்பி பட்டவுடன் உடைந்துவிடும். அறை வெப்பத்தில் ஒரு நாளில் முட்டைக்கு ஏறும் வயது, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்தில்தான் ஏறும் என்று முட்டைத் தொழிலில் இருப்பவர்கள் கணக்குச் சொல்வது இதை வைத்துத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சால்மொனெல்லா என்ற கிருமி ஓட்டில் ஒட்டியுள்ள எச்சத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அதில் ஒரு வகை, நோய் கண்ட கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் சேர்ந்துவிடக்கூடியது. வெளியே பளபளவென்று இருக்கும் முட்டையிலும் அது இருக்கலாம். அரிதுதான், ஆனால் இருந்தால், 35 டிகிரியில் பெருகும், 4 டிகிரியில் ஏறத்தாழ அடங்கிக் கிடக்கும். (பெயரைப் பார்த்து, சால்மன் மீனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். இல்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது அது.)

உங்கள் தம்பி சொல்வதும் உண்மையே. ஐரோப்பிய நாடுகளில் முதல் தர முட்டையைக் கழுவி விற்கக் கூடாது என்பது விதி. விற்பனைக்கு முன் பொதுவாகக் குளிரூட்டக் கூடாது என்பதும் விதி. குளிர்ந்த முட்டையை வெப்பமான இடத்துக்குக் கொண்டுவந்தால் ஓட்டின் மேல் வியர்த்து, அந்த ஈரத்தின் வழியே கிருமி துளைகளுக்குள் போய்விடும் என்பதே அதற்குக் காரணம். ஆனால் வாங்கியபின் வீட்டில் குளிரில் வையுங்கள் என்று அதே முட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அடுத்த முறை பேசும்போது பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1998 முதல் சிங்க முத்திரை என்ற முட்டைத் தரத் திட்டத்தின் கீழ் வளர்க்கப்படும் கோழிகளுக்குச் சால்மொனெல்லா தடுப்பூசி போடுகிறார்கள் என்பதையும், லண்டனின் குளிர் வேறு ஈரோட்டின் வெயில் வேறு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே முட்டையைக் கழுவியே விற்கிறார்கள். கழுவும்போது மேற்பூச்சு போய்விடுவதால், பண்ணையிலிருந்து வீடு வரை 7 டிகிரிக்குமேல் போகாத குளிரில் கொண்டுசெல்கிறார்கள்.

நம் ஊரில் இந்த இரண்டு முறைகளில் எதுவும் முழுமையாக இல்லை. முட்டை கழுவப்படாமல் வருகிறது, அது நல்லது. வெயிலில் வருகிறது, அது நல்லதல்ல. வீட்டுக்கு வந்தபின்னாவது அந்த வெயிலிலிருந்து அதைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கிறது. பெட்டியில் வைத்த பிறகு அதை வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே வைத்து விளையாடக் கூடாது. தேவையானதை மட்டும் எடுங்கள், எடுத்ததைச் சமைத்துவிடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம் என்று பலர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறை 3 முதல் 5 வாரம் என்று சொல்கிறது. அங்கே முட்டை தொடக்கத்திலிருந்தே குளிரில் இருப்பது. நம் கைக்கு வரும்போது அது எத்தனை நாள் வெளியில் இருந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. எனவே 3 வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்பது என் கணக்கு. மூன்று பேர் உள்ள வீட்டில் 30 முட்டை அட்டையை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குவதைவிட, வாரத்துக்கு ஒரு டஜன் வாங்குவது மேல். வாங்கிய தேதியை ஓட்டில் பென்சிலால் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், இப்போது அவர்களும் எடுக்குமுன் தேதியைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: முட்டை வாங்கி வந்ததும் குழாயடியில் கழுவித் துடைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்பது என் மாமியாரின் கட்டளை. கழுவக் கூடாது என்று நான் படித்திருக்கிறேன். கோழி எச்சத்தோடு எப்படியம்மா தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மருமகள், மதுரை)

பதில்: உங்கள் மாமியாரின் கவலை சரி, அவர் செய்யும் வைத்தியம்தான் சரியில்லை. குழாய்த் தண்ணீரில் முட்டையை நனைத்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மேற்பூச்சு கரைந்து துளைகள் திறந்துகொள்கின்றன. தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், உள்ளே இருப்பது சுருங்கி, வெளியே இருக்கும் அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. எச்சம் வெளியில் இருந்தபோது ஓட்டோடு நின்றது, கழுவியபின் உள்ளே போய்விட்டது. கழுவிய ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் இன்னும் மோசம்.

எச்சமோ இறகோ ஒட்டியிருந்தால், உலர்ந்த துணியாலோ தாளாலோ துடைத்துவிட்டு, மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். மூடியிருப்பதால் தயிர்ப் பாத்திரத்துக்கும் தீங்கில்லை, மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. சமைக்க எடுக்கும்போது தாராளமாகக் கழுவலாம். வேகவைப்பதற்கு முன் கழுவித்தான் ஆக வேண்டும். மிகவும் அழுக்காக இருப்பதைக் கடையிலேயே தள்ளிவிட்டு வேறு எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. கடையில் தரும் காகிதக்கூழ் அட்டையை மட்டும் அப்படியே உள்ளே வைக்காதீர்கள். அது எத்தனை முறை பண்ணைக்கும் கடைக்குமாகச் சுற்றி வந்தது என்பதை அதன் மேல் உள்ள கறைகளே சொல்லும். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின் அடுத்த பொருளைத் தொடுவதில் இருவரும் உடன்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா நாட்டுக்கோழி முட்டை கொடுத்தனுப்புவார்கள். தவிட்டில் புதைத்துப் பத்திரமாகத்தான் வரும். ஆனால் சில முட்டைகளை உடைத்தால் மஞ்சள்கருவின் மேல் சிவப்பாக நரம்பு ஓடியிருக்கிறது. அருவருப்பாகி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்ன காரணம்?
(ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: சேவல் திரியும் வீட்டு முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் உள்ள வேறுபாடே காரணம். பண்ணையில் கூண்டுக் கோழிகளோடு சேவல் இருப்பதில்லை. அந்த முட்டையில் உயிர் கட்டாது. வீட்டு முட்டை கருவுற்றதாக இருக்கும். கருவுற்ற முட்டையை அடையில் வைத்தால் 37.5 டிகிரி வெப்பத்தில் 21 நாளில் குஞ்சு வெளிவருகிறது. ஆனால் கரு வளர்வதற்கு அவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதில்லை, 27 டிகிரியைத் தாண்டினாலே மெதுவாக அசையத் தொடங்கிவிடும். ஓட்டுவீட்டின் மூலையில் தவிட்டுக்குள் இருந்த மாசி மாத முட்டைக்கும், அக்னி நட்சத்திரத்தில் பேருந்தில் ஐந்து மணி நேரம் பயணம் செய்த முட்டைக்கும் வேறுபாடு அங்கேதான் வருகிறது. தவிடு முட்டையை உடையாமல் காக்கும். வெயிலிலிருந்து ஓரளவே காக்கும்.

நீங்கள் பார்த்தது அப்படி வளரத் தொடங்கிய கருவின் இரத்த நாளங்கள். இப்படிக் கொஞ்ச நாள் வளர்ந்து, பிறகு வெப்பம் மாறியதால் உள்ளேயே செத்துப்போன கருதான் நாளாக நாளாக அழுகிக் கூமுட்டையாகிறது. இதற்கு மருந்து, கோழி இட்ட அன்றே எடுத்துக் குளிரில் வைப்பதுதான். குளிர்சாதனப் பெட்டியில் கரு ஓர் அணுவும் வளராது. அம்மாவிடம் ஃபிரிட்ஜ் இருந்தால், சேர்த்து வைக்கும் நாள்களில் அதில் வைக்கச் சொல்லுங்கள். அதிகாலைப் பேருந்தில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அடை வைப்பதற்கென்று ஒதுக்கும் முட்டையை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார்.

சிவப்பு நரம்பு வேறு, ஒற்றைச் சிவப்புப் புள்ளி வேறு. மஞ்சள்கருவின் மேல் கடுகளவு இரத்தப் புள்ளி ஒன்று மட்டும் இருந்தால், அது கோழியின் உடலுக்குள் மஞ்சள்கரு பிரியும் நேரத்தில் சிறு நாளம் ஒன்று கிழிந்ததால் வருவது. பண்ணை முட்டையிலும் வரும். கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

கேள்வி: கூர்முனை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா?
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: கீழே. அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி; அந்தச் சூட்டோடு வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குவதால் உண்டாவது அது. அந்தப் பக்கம் மேலே இருந்தால் மஞ்சள்கரு நடுவிலேயே நிற்கும், ஓட்டுப் பக்கம் ஒட்டாது.

கேள்வி: தண்ணீரில் போட்டு, மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது என்று பார்க்கிறோமே, அதை நம்பலாமா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: அது வயதைச் சொல்லும், நோயைச் சொல்லாது. நாள் செல்லச் செல்ல முட்டைக்குள் இருக்கும் நீர் துளைகள் வழியே ஆவியாகி, காற்றறை பெரிதாகிக்கொண்டே போகும். புதியது பாத்திரத்தின் அடியில் படுத்துக்கொள்ளும், சற்றுப் பழையது அகன்ற முனையைத் தூக்கிச் சாய்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும். மிதப்பதைச் சமைக்க வேண்டாம். ஆனால் நேற்று இட்ட முட்டையில் சால்மொனெல்லா இருந்தாலும் அது சமர்த்தாக அடியில்தான் படுத்திருக்கும். தண்ணீரில் போட்டுப் பார்த்ததைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது. காரணத்தை மதுரை வாசகிக்குச் சொன்ன பதிலில் பாருங்கள். சோதிப்பதானால் சமைக்கப் போகும் முட்டையை மட்டும் சோதியுங்கள்.

நான் நம்புவது ஒரு சின்னக் கிண்ணத்தை. விருந்தாளிகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைப் பொரியலுக்காகப் பத்து முட்டையை ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றிவிட்டேன். பதினோராவது முட்டை, உடைத்தவுடன் கறுத்த தண்ணீராக ‘டப்’பென்று அதன் நடுவில் விழுந்தது. நாற்றம் கூடம் வரை போய்விட்டது. விருந்தாளிகளுக்கு அன்று ரசமும் அப்பளமும்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையையும் கிண்ணத்தில் தனியாக உடைத்துப் பார்த்தபின்தான் பாத்திரத்தில் சேர்க்கிறேன். வெள்ளைக்கரு சற்றே கலங்கலாக இருந்தால் அஞ்ச வேண்டாம், அது புது முட்டைக்கு அடையாளம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் மாறியிருந்தால், நாற்றம் இல்லாவிட்டாலும் கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: விடுதி அறையில் சிறிய ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே பத்து முட்டை வேகவைத்து வைத்துக்கொண்டால் வாரம் முழுவதும் சாப்பிடலாமா? பச்சை முட்டையே மூன்று வாரம் தாங்கும்போது வெந்தது இன்னும் அதிக நாள் தாங்கும்தானே?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், உண்மை தலைகீழ். கொதிநீரில் ஓட்டின் மேற்பூச்சு போய்விடுகிறது. வெள்ளைக்கருவில் காவல் காத்த நொதியும் புரதமும் வெந்து செயலிழந்துவிடுகின்றன. வெந்த முட்டை, காவலாளி இல்லாத வீடு. ஓட்டோடு இருந்தால் 7 நாள், அதற்குமேல் வேண்டாம். ஆகவே உங்கள் வாரக் கணக்கு சரியாகவே வருகிறது. வெந்தவுடன் பச்சைத் தண்ணீரில் போட்டு ஆற்றி, ஈரம் துடைத்து, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். கோடையில் அறை வெப்பம் 32 டிகிரிக்குமேல் இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. உரித்ததை அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது, மீந்தால் மூடி வைத்து மறுநாள் முடித்துவிடுங்கள். முட்டைக் குழம்புக்கும் இதே 2 மணி நேர விதிதான். பெட்டிக்குள் 3 நாள் வைக்கலாம். தினமும் முழுக் குழம்பையும் எடுத்துச் சுட வைத்துத் திரும்ப வைப்பதற்குப் பதில், வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வேகவைப்பதற்கு ஒரு வாரம் பெட்டியில் இருந்த முட்டையை எடுத்தால் ஓடு சுலபமாக உரியும். புது முட்டையை உரித்தால் வெள்ளைக்கருவில் பாதி ஓட்டோடு போய்விடும்.

கேள்வி: பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்கள் வழக்கம். என் மகளுக்குக் கொடுக்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த முட்டை என்றால் பயமில்லாமல் கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். குளிர், கிருமியைப் பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும், கொல்லாது. கொல்வது வெப்பம்தான். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் இரண்டுமே கெட்டிப்படும் வரை வெந்திருக்க வேண்டும். உள்ளே 70 டிகிரியைத் தொட்டுவிட்டால் சால்மொனெல்லா பிழைக்காது. பச்சை முட்டையால் தயாரிக்கும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததற்குக் காரணமும் இந்தக் கிருமிகள்தான். கடைகளுக்குப் பொருந்துகிற காரணம் நம் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

வழக்கத்தின் நோக்கம் அந்த வயதில் பெண்ணுக்குச் சத்து சேர்ப்பது. வேகவைத்த முட்டையில் அந்தச் சத்து பெரிதாகக் குறைவதில்லை. சொல்லப்போனால், பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது, வெந்தால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. புரதமும் பச்சையைவிட வெந்த முட்டையிலிருந்துதான் நன்றாகச் செரிக்கிறது. நல்லெண்ணெயில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, இரண்டு பக்கமும் நன்றாக வேகவைத்து மிளகு தூவிக் கொடுங்கள். எண்ணெயும் முட்டையும் இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும், பாட்டியும் கோபிக்க மாட்டார். ஆஃப்பாயில் பிரியர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவார்கள் என்று தெரியும். உடல்நலம் உள்ள பெரியவர்கள் நல்ல முட்டையில் அந்த ஆபத்தை அறிந்தே ஏற்றுக்கொள்வது அவர்கள் விருப்பம். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கு மட்டும் அந்த விருப்பத்துக்கு இடமில்லை.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் பிற்பகலில்தான் வருகிறது. முட்டையைத் தூக்கிப் போட வேண்டுமா?
(ஒரு வாசகர், இராமநாதபுரம்)

பதில்: கதவைத் திறக்காமல் இருந்தால் பெட்டிக்குள் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் நிற்கும். முதல் நாள் செய்தித்தாளில் அறிவிப்பு வந்துவிடுகிறது என்பதால், ஒன்பது மணிக்கு முன்பே பாலையும் மதியச் சமையலுக்கு வேண்டியதையும் வெளியே எடுத்துக்கொண்டு, மின்சாரம் வரும் வரை கதவைத் தொடாதீர்கள். முந்தின இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்து, காலையில் முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் இன்னும் சில மணி நேரம் தாங்கும்.

நான்கு மணி நேரத்தையும் தாண்டிவிட்டால், வேகவைத்த முட்டை, முட்டைக் குழம்பு, அடித்து வைத்த முட்டை ஆகியவற்றை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஓடு உடையாத பச்சை முட்டை அப்படியல்ல. அமெரிக்க விதிப்படி அதையும் கொட்ட வேண்டும். ஆனால் அது கழுவிய முட்டைக்கு எழுதிய விதி. நேற்று வரை கடையில் வெளியில் இருந்த கழுவாத முட்டை, ஒரு பகல் மின்தடையில் விஷமாகிவிடாது. என்றாலும் அதன் ஆயுளில் ஒரு வாரம் கழிந்துவிட்டதாக எண்ணி, மேலே வியர்த்திருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று நாளில் நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுவது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நேர்ந்ததுபோல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போய், வெள்ளநீரும் முட்டையைத் தொட்டிருந்தால் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: கேக் செய்தபின் மஞ்சள்கரு மீந்துவிடுகிறது. பிஸ்தா பச்சடிக்குப் பிறகு வெள்ளைக்கரு மீந்துவிடுகிறது. வைக்கலாமா? விரிசல் விட்ட முட்டையை?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: முட்டை போட்ட பிஸ்தா பச்சடி எப்படிச் செய்வது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். வெள்ளைக்கருவை மூடிய பாத்திரத்தில் 4 நாள் வைக்கலாம். உடையாத மஞ்சள்கருவின் மேல் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி 2 நாள் வைக்கலாம். உறைநிலை அறையில் வைப்பதானால் ஓட்டோடு வைக்கக் கூடாது. வெள்ளையும் மஞ்சளும் கலந்து அடித்து ஊற்றி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். மஞ்சள்கருவை மட்டும் உறையவைத்தால் பசைபோல் இறுகிவிடும், ஒரு சிட்டிகை உப்போ சர்க்கரையோ சேர்த்து அடித்தால் இறுகாது. வரும் வழியில் உங்கள் கையிலேயே விரிசல் விட்டதானால், ஒரு பாத்திரத்தில் உடைத்து மூடி வைத்து இரண்டு நாளுக்குள் நன்றாக வேகவைத்துவிடுங்கள். எப்போது விரிசல் விட்டது என்று தெரியாததை, விலை பாதியாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி எல்லாம் சரியாக வைத்தும், எங்கள் வீட்டு ஆம்லெட்டில் கருவாட்டு வாசம் வருகிறது. முட்டை கெட்டுவிட்டதா?
(ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: இல்லை. துளைகள் வழியே நீர் வெளியே போவதுபோல வாசம் உள்ளே வரும். பெருங்காயம், பழுத்த பலாச்சுளை, வெட்டிய வெங்காயம் எல்லாமே முட்டைக்குள் குடியேறக்கூடியவை. இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றுக்குக் கருவாட்டை மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வாசம் ஏறிய முட்டைகளைக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் வேகவைத்து அதிலேயே போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது.